உட்கார்ந்தபடியே பறப்பவர்கள்

(புனே வாழ் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கட்கியிலிருந்து வந்திருக்கிறீர்கள். தேஹு ரோட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள். ராஸ்தா பேட்டையிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஹிஞ்சவடியில் வேலையை முடித்து, அந்த நெரிசலையும் தாண்டி வந்தவர்கள்மீது எனக்குத் தனி மரியாதை. விமான் நகர் அன்பர்களுக்கோ ஒரு தனித் திறமை உண்டு. தலைக்கு மேலே சுகோய் போர்விமானம் கிளம்பினால் பேச்சைப் பாதிச் சொல்லில் நிறுத்துவார்கள். சத்தம் அடங்கியதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்கள். இன்று எனக்கும் அப்படி நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தோடு அன்றாடம் குடித்தனம் நடத்தும் ஊர் இது. ஆனால் நான் பேசப்போவது வானத்தில் பறக்கும் விமானத்தைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டு உள்ளறையில் பறக்கும் விமானத்தைப் பற்றி! ஒரு கணினி, ஒரு நாற்காலி, கையில் ஒரு ஜாய்ஸ்டிக், காதில் ஒரு ஹெட்போன். மகனோ மகளோ சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறார்கள். நாற்காலி நகரவில்லை. தரை நகரவில்லை. ஆனால் அந்த உடல் என்ன பாடு படுகிறது! அந்தப் பாட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

விளையாட்டுக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இந்த விளையாட்டின் அடியில் மனிதக் காதின் குறை ஒன்று ஒளிந்திருக்கிறது. மும்பைக் கடலில் 213 பேர் மாண்ட கதையிலும் அதே குறை இருக்கிறது. அங்கே போகத்தான் போகிறோம். அதற்கு முன் வீட்டுக்குள் இருக்கும் விமானியைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

நம் ஊர் லோஹேகாவ் விமான தளத்தில் இறங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் உலகமே செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது. கடக்வாஸ்லா ஏரி தெரிகிறது, சிங்ககட் மலை தெரிகிறது, நம் தெருவையே தேடிப் பிடிக்கலாம். ஓடுபாதை நெருங்குகிறது. விமானம் இடப்பக்கம் சாய்கிறது. இவன் தலையும் சாய்கிறது. யார் சாயச் சொன்னது? தரை மேலெழுந்து வருகிறது, மூச்சை அடக்குகிறான். யார் அடக்கச் சொன்னது? சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் இருக்கையிலிருந்து அரை அங்குலம் எழும்புகிறான். தொட்டதும் கால்விரல்கள் மேஜைக்கு அடியில் இல்லாத பிரேக்கை அழுத்துகின்றன. ஜாய்ஸ்டிக்கில் உள்ளங்கை வியர்வை. விமானம் வேகம் இழந்து திடீரென்று கீழே விழுந்தாலோ அடிவயிறு ஜிவ்வென்று இழுக்கிறது. விழுந்தது படம். இழுத்தது யாருடைய வயிறு?

இது இன்றைய பளபளப்பான படங்களால் வந்த வினை என்று நினைக்காதீர்கள். இந்த விளையாட்டின் மூதாதை புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்க இளைஞர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1975-ல் கணினித் திரையில் விமானப் பறப்பைக் காட்டுவது பற்றி ஆய்வேடு எழுதினார். பிறகு ஆப்பிள் கணினிக்காக அவர் செய்த விளையாட்டில் மலை என்றால் நாலு கோடு, ஓடுபாதை என்றால் ரெண்டு கோடு. 1982-ல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் கணினிக்குக் கொண்டுவந்தது. ஒரு கணினி உண்மையிலேயே ஐபிஎம்முக்கு ஒத்ததுதானா என்று சோதிக்க இந்த விளையாட்டைப் போட்டுப் பார்ப்பார்களாம். அது ஓடினால் எதுவும் ஓடும்! அந்தக் கோட்டுப் படத்திலேயே மக்கள் சாய்ந்தார்கள், மூச்சடக்கினார்கள். படத்தின் அழகு கூடக்கூட மயக்கம் கூடுகிறது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியை உடல் தானே கொண்டுவருகிறது. எப்படி?

புனே ரயில் நிலையத்துக்கு வாருங்கள். உங்கள் ரயில் நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்திலும் ஒரு ரயில். திடீரென்று கிளம்பிவிட்டோம் என்று தோன்றுகிறது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், போனது அந்த ரயில்! இதை அனுபவிக்காதவர் இந்த அரங்கில் இருக்க முடியாது. எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1875-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். கண்ணில் விழும் காட்சியின் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால், உலகம் நகர்கிறது என்று மூளை முடிவு கட்டுவதில்லை. நான் நகர்கிறேன் என்று முடிவு கட்டுகிறது. பெரும்பாலும் அது சரியான முடிவும்கூட. மலையும் மரமும் தாமாக நகர்வதில்லையே! குறிப்பாகக் கடைக்கண்ணில் விழும் காட்சிதான் இந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் சின்னத் திரையில் ஆடுகிறவன் கொஞ்சமே அசைகிறான். மூன்று திரையை வளைத்து வைத்தவனும் தலையில் விஆர் கண்ணாடி மாட்டியவனும் ஆடிப்போகிறார்கள்.

தாய்மார்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. 1974-ல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை ஒரு சிறு அறைக்குள் நிறுத்தினார்கள். தரை அசையாது, சுவர்கள் மட்டும் மெல்ல நகரும். சுவர் குழந்தையை நோக்கி வந்தது. குழந்தை தொப்பென்று பின்னால் விழுந்தது! யாரும் தொடவில்லை, காற்றும் தள்ளவில்லை. முன்னால் சாய்கிறோம் என்று கண் சொன்னது, உடல் அதைச் சரிசெய்யப் பின்னால் சாய்ந்தது, விழுந்தது. நிற்பது என்ற காரியத்தை நாம் காலால் மட்டும் செய்வதில்லை, கண்ணாலும் செய்கிறோம். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு சாய்கிற உங்கள் பிள்ளை அந்தக் குழந்தையின் அண்ணன். அவ்வளவுதான்.

ஆனால் கண் மட்டும் சாட்சி இல்லை. காதுக்குள்ளே இன்னொரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. கேட்கும் காதைச் சொல்லவில்லை. அதற்கும் உள்ளே, எலும்புக்குள், மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். தலை சுழன்றால் அவை சொல்லும். பக்கத்திலேயே மெல்லிய கூழ்ப்படலத்தின் மேல் சுண்ணாம்புத் துகள்கள்; தலை சாய்ந்தாலும் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அவை சொல்லும். கண்ணும் காதும் ஒரே செய்தி சொன்னால் நமக்கு எதுவுமே தெரியாது. இரண்டும் மாறிச் சொன்னால்தான் தொல்லை.

மும்பைக்குப் போகும் பேருந்து கண்டாலா மலைப்பாதையில் இறங்குகிறது. நீங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணுக்கு முன்னால் எழுத்து அசையவில்லை. காது சொல்கிறது, வளைகிறோம், வளைகிறோம், வளைகிறோம்! குமட்டுகிறது. இப்போது வீட்டுச் சிமுலேட்டருக்கு வாருங்கள். கண் சொல்கிறது, வளைகிறோம்! காது சொல்கிறது, சும்மா இரு, நாற்காலியில்தான் இருக்கிறாய்! குமட்டுகிறது. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. கொல்லிமலைப் பேருந்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போன பாட்டிக்கும், விஆர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பேரனுக்கும் நோய் ஒன்றுதான்.

சரி, செய்தி மாறினால் வயிறு ஏன் புரள வேண்டும்? 1977-ல் டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு விடை சொன்னார். அது ஊகம்தான், ஆனால் சுவையான ஊகம். ஆதிமனிதனுக்குக் கண்ணும் காதும் எப்போது முரண்படும்? நஞ்சைத் தின்றபோது. நம் ஊரில் ஊமத்தங்காய் தின்றவன் கதையைக் கேட்டிருப்பீர்கள். இல்லாதது தெரியும், நின்ற இடம் சுழலும். முரண்பாடு வந்தால் நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்று பொருள். நஞ்சு உள்ளே போனால் வெளியே தள்ளு! உடல் அந்தப் பழைய கணக்கையே இன்னும் போடுகிறதாம். நீங்கள் சாப்பிட்டது அம்மா செய்த தோசை, ஆனால் உடல் நினைப்பது ஊமத்தை.

இனி இந்தப் பேச்சின் நடுமுடிச்சுக்கு வருகிறேன். 1957-ல் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டர் ஒன்றில் அமர்ந்தவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்ததை ஹாவ்ரன், பட்லர் என்ற இருவர் பதிவு செய்தார்கள். சிமுலேட்டர் நோய் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. அடுத்த ஆண்டே தொடர்ந்து ஆராய்ந்தபோது விந்தையான ஒன்று தெரிந்தது. யாருக்கு அதிகம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? புதிதாக வந்த மாணவனுக்கா? பல நூறு மணி நேரம் வானத்தில் இருந்த ஆசிரியருக்கா?

ஆசிரியருக்கு! மாணவனைவிட ஆசிரியரே அதிகம் தவித்தார். யோசித்துப் பாருங்கள். மாணவனுக்கு ஹெலிகாப்டர் எப்படி அசையும் என்றே தெரியாது. திரை சாய்ந்தது, சரி, சாய்ந்தது. ஆசிரியருக்கோ உடம்பு முழுவதும் தெரியும். இந்தக் கைப்பிடியை இவ்வளவு தள்ளினால் இடுப்பில் இந்த அழுத்தம் வர வேண்டும், தோளில் இந்த இழுப்பு வர வேண்டும் என்று உடல் காத்திருக்கிறது. வரவில்லை! காத்திருந்த உடல் ஏமாந்து புரள்கிறது. ஆகவே, குமட்டல் வந்தவனைப் பார்த்து "இதுகூடத் தாங்க முடியலையா" என்று சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவன் உடலுக்குத் தெரிந்திருக்கலாம். விளையாட்டில் ஒன்றிப்போதல் என்று சொல்கிறோமே, அதுவும் இதே அறிவிலிருந்துதான் வருகிறது. சிலிர்ப்பும் குமட்டலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இங்கே ஒரு சிறு விலகல். சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான், நினைவிருக்கிறதா? கருவுற்ற மனைவி விசயையை அதில் ஏற்றி, ஓட்டப் பழக்குகிறான். திருகினால் எழும்பும், மாற்றித் திருகினால் இறங்கும். பகைவனாக மாறிய அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அவள் தனியாகப் பறக்கிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டதும் மயங்கிச் சாய்கிறாள். பொறி சுடுகாட்டில் போய் இறங்குகிறது. கைக்குப் பயிற்சி இருந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பயிற்சி இல்லை. திருத்தக்கதேவர் விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தவில்லை. ஆனாலும் பயிற்சியில் எது வரும், எது வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விலகியது போதும். உண்மையான பயிற்சிச் சிமுலேட்டருக்கு வருவோம். அதைத் தொடங்கி வைத்தவர் விமானப் பொறியாளரே அல்ல. நியூயார்க் மாநிலம் பிங்காம்டனில் எட்வின் லிங்க் என்பவர் வாழ்ந்தார். அவருடைய அப்பாவுக்கு ஆர்கன் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகளை எடுத்து, ஒரு பெட்டிக்கு அடியில் பொருத்தி, பெட்டியைச் சாய்க்கவும் திருப்பவும் வைத்தார் லிங்க். 1929 அளவில் அது தயார். யார் வாங்கினார்கள்? பொழுதுபோக்குப் பூங்காக்கள் வாங்கின! காசு போட்டு ஏறி ஆடும் பொருளாகத்தான் அதைப் பார்த்தார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலைக் கையில் எடுத்தது. மோசமான வானிலையில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாத விமானிகள் அடுத்தடுத்து மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் ஆறு லிங்க் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப்பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்தார்கள். விளையாட்டுப் பொருள் என்று இளக்காரம் செய்கிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

இன்று விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் பெரிய சிமுலேட்டர் ஆறு கால்மேல் நிற்கும் ஓர் அறை. அந்த அறை ஓடுபாதையில் ஓட முடியாது; கூடத்துக்குள் சில அடி தூரமே நகரும். ஆனால் உள்ளே இருப்பவருக்கு, விமானம் சீறிக்கொண்டு கிளம்புகிறது, முதுகு இருக்கையில் அழுந்துகிறது! எப்படி? அறையை மெல்லப் பின்னால் சாய்க்கிறார்கள். சாய்ந்தால் உடல் எடை முதுகில் விழும். காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகளுக்கு, சாய்ந்ததால் வந்த இழுப்பு எது, வேகம் கூடியதால் வந்த இழுப்பு எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதற்குத் தெரியாதது ஒன்றும் வெட்கம் இல்லை. ஈர்ப்பையும் முடுக்கத்தையும் அப்படிப் பிரிக்கவே முடியாது என்பதில்தான் ஐன்ஸ்டைனின் பெரிய கோட்பாடே தொடங்கியது. அறை சாய்வதைக் குழாய்த் திரவம் காட்டிக்கொடுக்காதா? வினாடிக்கு இரண்டு மூன்று பாகைக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தால் காட்டிக்கொடுக்காது. அவ்வளவு மெதுவான சுழற்சி அதற்குத் தெரியாது. கண்ணில் ஓடுபாதை பறக்கிறது, முதுகில் அழுத்தம் இருக்கிறது. மூளை கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

ஆக, காதுக்கு இரண்டு குறை. மெதுவான சுழற்சி தெரியாது. சாய்வும் வேகமும் பிரித்துத் தெரியாது. இந்த இரண்டு குறையால்தான் சிமுலேட்டர் சிமுலேட்டராக இருக்கிறது. இப்போது இதே இரண்டு குறையை எடுத்துக்கொண்டு இரவு வானத்துக்குப் போங்கள்.

மேகத்துக்குள் இருக்கிறீர்கள், வெளியே எதுவும் தெரியவில்லை. விமானம் மிக மெதுவாக ஒரு பக்கம் சாய்கிறது. காதுக்குத் தெரியாது. சாய்ந்தபடி வட்டமிடத் தொடங்குகிறது. ஒரு சொம்புத் தண்ணீரைச் சுழற்றினால் முதலில் தண்ணீர் பின்தங்கும், சற்று நேரத்தில் சொம்போடு சேர்ந்து அதுவும் சுழலும். காதுத் திரவமும் அப்படியே. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில வினாடிகளில் "நேராகப் போகிறோம்" என்று சொல்லிவிடும். இப்போது யாராவது விமானத்தைச் சரியாக நிமிர்த்தினால், "ஐயோ, மறுபக்கம் சாய்கிறோம்" என்று உடல் அலறும். விமானி பழையபடி சாய்ப்பார். சுருள் இறுகும், உயரம் கரையும். அதேபோல இருட்டில் வேகமெடுத்து மேலே கிளம்பும்போது, மூக்கு அளவுக்கு மீறி உயர்கிறது என்று தோன்றும். விமானி மூக்கைக் கீழே அழுத்துவார், தரையை நோக்கி! சிமுலேட்டரில் சாய்வை வேகமாக விற்றார்களே, இங்கே வேகம் சாய்வாக விலை போகிறது.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் (ஆர்ட்விக் பின்னால் படிக்க வந்த அதே பல்கலைக்கழகம்) கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரைப் பாதுகாப்பாக, வெளிக்காட்சியை மறைத்து விமானம் ஓட்டச் செய்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. சராசரியாக எத்தனை நேரத்தில்? 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை!

இனி அந்த 213 உயிர்கள். 1978 ஜனவரி 1, புத்தாண்டு இரவு. ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானம், எம்பரர் அசோகா, பம்பாய் சாந்தாகுரூஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கடலுக்கு மேலே வந்ததும் வலப்பக்கம் திரும்பி நிமிர்ந்தது. ஆனால் கேப்டனுக்கு முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி, இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. கருவி பழுது. கேப்டன் இடப்பக்கம் சாய்த்தார். கருவி மாறவில்லை, இன்னும் சாய்த்தார். கீழே கறுப்புக் கடல், மேலே கறுப்பு வானம், நடுவே அடிவானம் இல்லை. விமானம் தொண்ணூறு பாகையையும் தாண்டிப் புரண்டு, பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 190 பயணிகள், 23 ஊழியர்கள்; ஒருவரும் மீளவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உடலை நம்பாதே, கருவியை நம்பு என்பதுதானே விமானப் பாடம்? அவர் கருவியைத்தானே நம்பினார்? ஆம். அதனால்தான் பாடத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு கருவி பொய் சொன்னது. அது பொய் என்று உடல் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஜம்போ விமானம் பக்கவாட்டில் புரள்வதை அதற்குள் இருந்த உடலால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் துணை விமானியின் கருவி இருந்தது, மாற்றுக் கருவியும் இருந்தது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வினாடிக் கணக்கில் வேலை செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தை வானத்தில் பழக முடியாது. எங்கே பழகுவது? ஆறு கால் அறையில். உடலை வேண்டுமென்றே பொய்க்குள் தள்ளி, அந்தப் பொய்க்கு நடுவே கண்ணைக் கருவியிலிருந்து கருவிக்கு ஓடவிட்டுப் பழகுவதற்குத்தான் அத்தனை செலவு.

அப்படியானால் ஒன்றிப்போக அவ்வளவு பெரிய இயந்திரம் கட்டாயம் வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் ஆச்சரியம். 2002-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. விஆர் கண்ணாடி மாட்டியவருக்கு முன்னால் தரையில் ஒரு பெரும் பள்ளம் தெரியும். பள்ளம் வெறும் படம் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் விளிம்புக்கு வந்தால் இதயம் வேகமாக அடித்தது. பிறகு அவர் நிற்குமிடத்தில் உண்மையான மரப்பலகை ஒன்றைப் போட்டார்கள். உயரம் ஒன்றரை அங்குலம். கால்விரல் அந்த விளிம்பைத் தொட்டதும் துடிப்பு இன்னும் ஏறியது! ஒன்றரை அங்குலப் பலகை!

இதை எதற்குச் சொல்கிறேன்? விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுக்காக அப்பாவிடம் சண்டை போடும் தம்பிகளுக்காக. கைக்கு ஒரு நல்ல பிடி, காலுக்கு ஒரு மிதி, தொட்டால் தட்டுப்படும் ஒரு சுவிட்ச். இவை படத்தைவிட அதிகம் செய்யும். விமான நிறுவனத்தில் சேரும் புதியவர்கள் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, காகித சுவிட்சைத் தொட்டுத் தொட்டுத்தான் பழகுகிறார்கள். அமெரிக்காவின் புளூ ஏஞ்சல்ஸ் சாகசக் குழுவினர் பறப்பதற்கு முன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, தலைவரின் குரலுக்கு ஏற்பக் கையை அசைத்து முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். திரை இல்லை, படம் இல்லை. உடலுக்குள் பறப்பு இருந்தால் நாற்காலியே போதும்.

ஆனால் தம்பி, ஒன்றை மட்டும் எந்த நாற்காலியும் தராது. ஆறு கால் அறையும் தராது. எடை! போர்விமானம் ஒன்பது ஜி-யில், அதாவது ஈர்ப்பைப்போல ஒன்பது மடங்கு இழுப்பில், திரும்பினால் ஐந்து கிலோ தலை நாற்பத்தைந்து கிலோ ஆகிறது. ரத்தம் காலுக்கு இறங்குகிறது. பார்வை முதலில் ஓரத்தில் மங்கி, பிறகு நடுவில் மங்கி, அணைந்தே போகிறது. அதைப் பழக நீண்ட கைகொண்ட சுழல் இயந்திரம் வேண்டும். பெங்களூருவில் இந்திய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் அது இருக்கிறது. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட ககன்யான் வீரர்கள் நால்வரையும் சோதித்துத் தேர்ந்தெடுத்தது அந்த நிறுவனம்தான். வீட்டில் மிக்-29 ஓட்டி ஒன்பது ஜி-யில் திரும்பிவிட்டு, காபி குடித்தபடி "ரியலா இருக்கு" என்று சொல்பவரைப் பார்த்து விமானப்படைக்காரர் புன்னகைப்பதில் நியாயம் இருக்கிறது.

நம் ராமேசுவரத்துப் பெரியவர் அப்துல் கலாமுக்கு இது தெரியும். மெட்ராஸ் எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு விமானியாக வேண்டும் என்று டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடம், இவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் தரம். வாழ்நாள் முழுவதும் ராக்கெட்டையும் ஏவுகணையையும் பறக்கவிட்டார், அதுவரை போர்விமானத்தில் பறந்ததில்லை. 2006 ஜூன் 8-ஆம் தேதி, 74 வயதில், குடியரசுத் தலைவராக, சுகோய்-30ல் ஏறினார். எங்கே தெரியுமா? நம் லோஹேகாவில்! 2009 நவம்பரில் பிரதிபா பாட்டீல் அம்மையாரும் அதே 74 வயதில் அதே தளத்திலிருந்து பறந்தார். கலாமுக்குப் பறப்பின் கணக்கெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் உடலோடு ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுபத்து நாலு வயதிலும் போகவில்லை. அந்த ஆசையில் பொருள் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வீட்டுக்குப் பயன்படும் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

இளைஞர்களே, குமட்டலுக்கு முன்னால் உடல் குறிப்புக் கொடுக்கும். காரணமில்லாத கொட்டாவி, வாயில் ஊறும் எச்சில், நெற்றியில் குளிர்ந்த வியர்வை. இவற்றில் ஒன்று வந்தாலும் அப்போதே நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தால் பழகிவிடும் என்பது வீம்பு. சிறிது சிறிதாக, நாள் விட்டு நாள் பழகினால்தான் உடல் பழகும். விஆர் கண்ணாடியைக் கழற்றியதும் ஸ்கூட்டர் சாவியை எடுக்காதீர்கள். சிமுலேட்டரில் தலை சுற்றிய விமானியை அன்றைக்கே வானத்தில் பறக்க விடாத படைகள் உண்டு. புனே சாலையில் இரண்டு சக்கரத்தில் போவது வானத்தில் பறப்பதைவிட எளிது என்று யாராவது சொல்வார்களா?

பெற்றோர்களே, பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்தாலே தலை சுத்துது" என்று திட்டுகிறீர்கள். சுற்றத்தான் செய்யும்! மலைப்பாதையில் பேருந்து ஓட்டுநருக்குக் குமட்டுவதில்லை, பயணிக்குத்தான் குமட்டும். கைப்பிடி யார் கையில் இருக்கிறதோ அவர் உடலுக்கு அடுத்த அசைவு முன்பே தெரியும். அதனால் பின்னால் நிற்காதீர்கள். பிள்ளையை எழுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்குங்கள். லோஹேகாவில் ஒருமுறை நீங்களே இறக்கிப் பாருங்கள். முதல் தடவை கட்டாயம் விழும். கூச்சப்படாமல் மறுபடி கிளப்புங்கள்.